ரத்தான ஜூனியர் பருவம்: 2020–21 சர்வதேச ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

கொரோனா பெருந்தொற்றால் சர்வதேச ஜூனியர் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கியபடி தாவியும் சுழன்றும் ஆடும் விளையாட்டு) போட்டிகள் 2020 ஜூலையில் கைவிடப்பட்டதிலிருந்து, 2022 ஏப்ரலில் உலக ஜூனியர் போட்டி மீண்டும் நடந்தது வரையிலான நிகழ்வுகளை இந்தக் குறிப்பு கால வரிசையில் பதிவு செய்கிறது. முடிவெடுத்த நிர்வாகிகளோ போட்டியாளர்களோ இங்கே பெயரால் குறிப்பிடப்படவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்பதால், அவர்களைப் பிறந்த காலத்தை வைத்தே குழுக்களாகப் பிரித்துப் பேசியிருக்கிறேன்.

போட்டிகளை ரத்து செய்தது சரியான முடிவு என்பதே என் மதிப்பீடு. இங்கே ஆராயப்படுவது அந்த முடிவோடு சேர்த்து எடுத்திருக்க வேண்டிய, ஆனால் எடுக்கப்படாமல் போன, வேறு சில முடிவுகள். அவற்றில் முதன்மையானது வயது வரம்பு தொடர்பானது.

பின்னணி

ஃபிகர் ஸ்கேட்டிங்கை உலக அளவில் நிர்வகிப்பது 1892இல் தொடங்கப்பட்ட சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம். அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருக்கிறது. ஜூனியர் பிரிவில் இந்த ஒன்றியம் இரண்டு பெரிய போட்டிகளை நடத்துகிறது. ஒன்று, ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை ஏழு நாடுகளில் வாரத்துக்கு ஒன்றாக நடைபெறும் ஜூனியர் கிராண்ட் பிரீ தொடர். மற்றொன்று, பருவத்தின் முடிவில், வழக்கமாக மார்ச் தொடக்கத்தில் நடக்கும் உலக ஜூனியர் போட்டி. முன்னது 1997இல் தொடங்கியது. பின்னது 1976இல் பிரான்ஸின் மெஜெவ் நகரில் தொடங்கியது.

கிராண்ட் பிரீ தொடரில் ஒரு போட்டியாளர் அதிகபட்சம் இரண்டு கட்டங்களில் பங்கேற்கலாம். முதலிடத்துக்கு 15, இரண்டாமிடத்துக்கு 13, மூன்றாமிடத்துக்கு 11 எனப் புள்ளிகள் இறங்கிச் செல்லும். ஒவ்வொரு பிரிவிலும் கூட்டுப்புள்ளியில் முதல் ஆறு இடம் பெறுபவர்கள் டிசம்பரில் நடக்கும் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெறுவார்கள். ஒரு நாடு எத்தனை பேரை அனுப்பலாம் என்பதை முந்தைய உலக ஜூனியர் போட்டியில் அந்நாட்டவர் பெற்ற இடமே தீர்மானிக்கிறது. அதாவது, ஒரு பருவத்தின் முடிவு அடுத்த பருவத்தின் வாய்ப்பை வரையறுக்கும் வகையில் இந்த அமைப்பு கட்டப்பட்டிருக்கிறது. இடையில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்த அமைப்பில் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

அடுத்து, இந்த ஆய்வுக்கு அடிப்படையான வயது விதி, அக்காலத்தில் இருந்தபடி. ஒரு பருவத்தில் ஜூனியர் பிரிவில் பங்கேற்க, அந்தப் பருவத்துக்கு முந்தைய ஜூலை 1ஆம் தேதிக்குள் 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒற்றையர் பிரிவில் இருபாலருக்கும், ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் இணையர், ஐஸ் டான்ஸ் (ஜோடி நடனம்) பிரிவுகளில் பெண்களுக்கும், அதே தேதிக்குள் 19 வயது நிரம்பியிருக்கக் கூடாது. இணையர், ஐஸ் டான்ஸ் பிரிவுகளின் ஆண்களுக்கு மட்டும் அந்த மேல்வரம்பு 21. சீனியர் பிரிவுக்கு அக்காலத்தில் 15 வயது நிரம்பியிருந்தால் போதும். ஒற்றையர் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஆறு ஜூனியர் பருவங்கள். காயம், உடல் வளர்ச்சி, தேசியத் தேர்வில் தோல்வி ஆகியவற்றைக் கழித்துவிட்டால், உண்மையில் சர்வதேசத் தளத்தில் இறங்கக் கிடைப்பவை இரண்டோ மூன்றோதான்.

2020 மார்ச்: கடைசிப் போட்டியும் முதல் ரத்தும்

2020 மார்ச் 2 முதல் 8 வரை எஸ்டோனியாவின் தாலின் நகரில் உலக ஜூனியர் போட்டி திட்டமிட்டபடி நடந்து முடிந்தது. நான்கு நாட்களுக்குப் பிறகு, மார்ச் 12 அன்று, எஸ்டோனியா அவசர நிலையை அறிவித்தது. அதற்கு முதல் நாள், உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்த அதே தேதியில், மாண்ட்ரியலில் மார்ச் 16 அன்று தொடங்கவிருந்த உலக சீனியர் போட்டி கைவிடப்பட்டது. ஜூனியர் பிரிவினர் ஒரு வார இடைவெளியில் தங்கள் பருவத்தை முழுமையாக முடித்துக்கொண்டார்கள்; சீனியர் பிரிவினருக்கு அது வாய்க்கவில்லை.

இந்தத் தற்செயலான வரிசை பிற்பாடு ஒரு விளைவை உண்டாக்கியது என்றே கருதுகிறேன். சீனியர் போட்டியாளர்களுக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது என்ற உணர்வும், அடுத்த உலகப் போட்டியை எப்படியாவது நடத்தியே ஆக வேண்டும் என்ற அழுத்தமும் நிர்வாகத்தின் மேல் இருந்தன. ஜூனியர்களுக்காக அப்படிப்பட்ட அழுத்தம் எதுவும் எழவில்லை. அவர்கள்தான் ஏற்கெனவே போட்டியிட்டுவிட்டார்களே.

ரத்து என்பது இந்த விளையாட்டுக்கு முற்றிலும் புதிதல்ல. 1961 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் அருகே நிகழ்ந்த விமான விபத்தில் அமெரிக்க அணி முழுவதும் உயிரிழந்ததை அடுத்து, ப்ராக் நகரில் நடக்கவிருந்த அந்த ஆண்டின் உலகப் போட்டி நடத்தப்படவில்லை. உலகப் போர்களின் போதும் பல ஆண்டுகள் விடுபட்டன. ஆனால் எப்போது முடியும் என்று தெரியாத, நாட்டுக்கு நாடு வேறுபட்ட வேகத்தில் பரவுகிற ஓர் இடையூறை எதிர்கொண்ட அனுபவம் அப்போதைய நிர்வாகிகளில் யாருக்கும் இருந்திருக்க வழியில்லை.

ஏப்ரல் முதல் ஜூலை வரை கவனிக்கப்பட்டவை

வசந்த காலத்தில் பெரும்பாலான நாடுகளில் பனித்தளங்கள் மூடப்பட்டன. ஃபிகர் ஸ்கேட்டிங் பயிற்சியில் பனித்தளத்துக்கு ஈடாக வீட்டில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. தரையில் தாவிச் சுழலலாம், சக்கரக் காலணி அணிந்து நகரலாம், காணொளி வழியே பயிற்சியாளரிடம் உடற்பயிற்சி கற்கலாம். ஆனால் பிளேடின் விளிம்பில் உடல் எடையைச் சாய்த்து வளைவில் நுழைவதைத் தரையில் பழக முடியாது. பதின்மூன்று முதல் பதினாறு வயதுக்குள் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. சில மாதங்களில் சில சென்டிமீட்டர் உயரம் கூடினாலும் மூன்று சுழற்சித் தாவலின் நேரக்கணக்கு மாறிவிடும். பனித்தளத்திலேயே இருந்திருந்தால் அந்த மாற்றத்தை உடல் நாளுக்கு நாள் சரிசெய்துகொண்டிருக்கும். மூடிக்கிடந்த மாதங்களுக்குப் பிறகு திரும்பியபோது, வளர்ந்த உடலோடு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

இந்த மாதங்களில் ஒன்றியம் தன் தொழில்நுட்ப விதிகளில் இரண்டு மாற்றங்களை நிறுத்திவைத்தது. புதிய பருவத்துக்காக அறிவிக்கப்பட்டிருந்த தாவல்களின் மதிப்பெண் அட்டவணை மாற்றம் ஒத்திவைக்கப்பட்டு, பழைய அட்டவணையே தொடர்ந்தது. ஐஸ் டான்ஸ் பிரிவில் ஆண்டுதோறும் மாறும் தாள நடன விதியும் முந்தைய ஆண்டினுடையதாகவே வைத்துக்கொள்ளப்பட்டது. இரண்டும் விவேகமான முடிவுகள். பயிற்சி செய்ய வழியில்லாத காலத்தில் புதிய நடனத்தைக் கேட்பது நியாயமில்லை என்பதை நிர்வாகம் உணர்ந்திருந்தது. ஓர் ஆண்டை ஒருவிதத்தில் நிறுத்தி வைக்கலாம் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. அதே எண்ணம் வயது விதிக்கு மட்டும் நீளவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

இதே காலத்தில், 2020 ஜூனில் தாய்லாந்தின் ஃபூகெட் நகரில் கூடவிருந்த ஒன்றியத்தின் பொதுமாநாடும் நடக்காமல் போனது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உறுப்பு நாடுகள் கூடி அடிப்படை விதிகளைத் திருத்துவது இந்த மாநாட்டில்தான். அடுத்த மாநாடு கூடியது 2022 ஜூனில்.

ஜூலை 20: தொடரைக் கைவிடும் முடிவு

2020 ஜூலை 20 அன்று, கனடா, ஸ்லோவாக்கியா, ஜப்பான் உள்ளிட்ட ஏழு நாடுகளில் நடக்கவிருந்த ஜூனியர் கிராண்ட் பிரீ தொடர் முழுவதையும் ஒன்றியம் ரத்து செய்தது. நாடுகளுக்கிடையே பயண, நுழைவுக் கட்டுப்பாடுகள் கூடிக்கொண்டே போவதும், போட்டியை நடத்தும் நாடுகள் சுகாதார, மருத்துவ ஏற்பாடுகளுக்காக அளவுக்கு மீறிச் செலவிட நேரிடும் என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

இந்தக் காரணங்கள் எவ்வளவு வலுவானவை என்பதைப் புரிந்துகொள்ள, தொடரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். சீனியர் கிராண்ட் பிரீயில் ஒரு கட்டத்தில் ஒற்றையர் பிரிவு ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேரும், இணையர் பிரிவில் எட்டு ஜோடிகளும், ஐஸ் டான்ஸில் பத்து ஜோடிகளும் மட்டுமே அழைக்கப்படுவார்கள். ஜூனியர் தொடரில் பெண்கள் ஒற்றையர் பிரிவு ஒன்றில் மட்டுமே முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் களமிறங்குவது வழக்கம். அவர்கள் இருபது, இருபத்தைந்து நாடுகளிலிருந்து, பயிற்சியாளரோடும் பலர் பெற்றோரோடும் வருவார்கள். நடுவர்களும் தொழில்நுட்பக் குழுவினரும் வேறு வேறு நாடுகளிலிருந்து வருவார்கள். இந்தக் கூட்டம் ஒரு வாரம் ஒரு கண்டத்தில், அடுத்த வாரம் இன்னொரு கண்டத்தில் என்று நகரும். தடுப்பூசி இன்னும் வராத 2020 ஆகஸ்டில் இதைப் பாதுகாப்பாக நடத்துவதற்கு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

பணக் கணக்கும் முக்கியம். சீனியர் போட்டிகளுக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் விளம்பரதாரர்களும் நுழைவுச்சீட்டு வருமானமும் உண்டு. ஜூனியர் தொடரையோ ஒன்றியமே யூடியூபில் இலவசமாக ஒளிபரப்பி வந்தது. அரங்கில் கூடுபவர்களில் கணிசமானோர் போட்டியாளர்களின் குடும்பத்தினரும் உள்ளூர் ஸ்கேட்டிங் மாணவர்களும்தான். தொடர்ச்சியான பி.சி.ஆர். பரிசோதனைகள், தனிமைப்படுத்தும் அறைகள், கூடுதல் மருத்துவப் பணியாளர்கள் என்ற செலவைத் தாங்கும் வருமானம் இதில் இல்லை.

முடிவு வெளியான நேரமும் சரியானதே. முதல் கட்டத்துக்கு ஐந்து வாரங்களுக்கும் மேல் இருந்தபோதே அறிவித்ததால், குடும்பங்கள் விமானச்சீட்டுகளில் பணத்தை முடக்குவதும், போட்டியாளர்கள் அரைகுறை உடல்தகுதியோடு அவசரமாகத் தயாராவதும் தவிர்க்கப்பட்டன. மாண்ட்ரியல் ரத்து அறிவிக்கப்பட்டபோது போட்டிக்கு ஐந்தே நாட்கள் இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

சீனியர் தொடர் மட்டும் எவ்வாறு பிழைத்தது

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்றியம் வேறொரு முடிவை அறிவித்தது: சீனியர் கிராண்ட் பிரீ தொடர் நடக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டியை நடத்தும் நாட்டினரும், அங்கேயே தங்கிப் பயிற்சி பெறுபவர்களும், அண்டைப் பகுதியினரும் மட்டும் பங்கேற்பார்கள். இதன்படி லாஸ் வேகஸ், சோங்சிங், மாஸ்கோ, ஒசாகா ஆகிய நான்கு கட்டங்கள் நடந்தன. கனடா, பிரான்ஸ் கட்டங்கள் அக்டோபரில் கைவிடப்பட்டன. பெய்ஜிங்கில் ஜூனியர் இறுதிப்போட்டியோடு சேர்த்து நடத்தத் திட்டமிட்டிருந்த இறுதிப்போட்டி நடக்கவேயில்லை.

இதே முறையை ஜூனியர் தொடருக்குப் பின்பற்றியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ரஷ்யா, ஜப்பான், அமெரிக்கா போன்ற நாடுகளில் உள்நாட்டுப் போட்டியாளர்களை வைத்தே ஒரு கட்டத்தை நிரப்பிவிட முடியும். ஜூனியர் தொடரை நடத்தும் நடுத்தர ஐரோப்பிய நாடுகளில் அது முடியாது. அப்படி நடத்தியிருந்தால் பெரிய நாடுகளின் ஜூனியர்களுக்கு மட்டும் சர்வதேச முத்திரை பெற்ற மதிப்பெண் கிடைத்திருக்கும். மற்றவர்களின் நிலை ரத்தைவிட மோசமாகியிருக்கும். ஆகவே இந்த வேறுபாட்டை நான் குறையாகக் கொள்ளவில்லை. குறையாகக் கொள்வது, ஆகஸ்டில் சீனியர்களுக்காக ஒரு மாற்று வடிவத்தை யோசித்த அதே கூட்டத்தில், ஜூனியர்களுக்கு வேறு எந்த வடிவமும் வெளியே தெரியும்படி விவாதிக்கப்படாததை.

ஹார்பின்: நவம்பர் 24

உலக ஜூனியர் போட்டி 2021 மார்ச் 1 முதல் 7 வரை சீனாவின் ஹார்பின் நகரில் நடப்பதாக இருந்தது. 1996இல் ஆசியக் குளிர்கால விளையாட்டுகளையும் 2009இல் உலகப் பல்கலைக்கழகங்களின் குளிர்கால விளையாட்டுகளையும் நடத்திய நகரம் அது. அரங்க வசதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் எல்லையில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பதினான்கு நாட்கள் தனிமையில் இருக்க வேண்டும் என்ற விதி நடப்பில் இருந்தது. ஐரோப்பாவில் இரண்டாம் அலை எழுந்ததை அடுத்து, நவம்பர் தொடக்கத்தில் ரஷ்யா, பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட பல நாடுகளிலிருந்து வெளிநாட்டவர் நுழைவதைச் சீனா நிறுத்திவைத்தது. பதினான்கு நாட்கள் விடுதி அறையில் அடைந்து கிடந்துவிட்டு, பனித்தளத்தில் இறங்கி மூன்று சுழற்சித் தாவல்களைச் செய்யச் சொல்வது காயத்தை விலைக்கு வாங்குவதாகும்.

2020 நவம்பர் 24 அன்று ஒன்றியம் இந்தப் போட்டியையும் ரத்து செய்தது. தொடர் முன்பே போய்விட்டதால், இதோடு ஒரு முழு ஜூனியர் பருவம் சர்வதேச நாட்காட்டியிலிருந்து நீங்கியது.

இந்த இரண்டாம் முடிவைப் பற்றிய என் மதிப்பீடு முதலாவதைப் போல முழுமையான ஒப்புதல் அல்ல. ஹார்பினில் நடத்த இயலாது என்பது ஐயமில்லாத உண்மை. ஆனால் அறிவிப்பு வந்தபோது போட்டிக்கு மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தன. இடத்தை மாற்றியோ தேதியை ஏப்ரலுக்குத் தள்ளியோ நடத்த முயன்றதற்கான தடயம் வெளியில் இல்லை. அதே பருவத்தில், 2021 மார்ச் 22 முதல் 28 வரை, ஸ்டாக்ஹோமில் பார்வையாளர் இல்லாமல், வெளியாரோடு தொடர்பற்ற பாதுகாப்பு வளையத்துக்குள் உலக சீனியர் போட்டி நடத்தப்பட்டது. அடுத்த ஆண்டின் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான நாட்டு இடங்கள் அந்தப் போட்டியில்தான் தீர்மானமாக வேண்டியிருந்தன. அதை நடத்தாமல் இருந்திருந்தால் சிக்கல்கள் அடுக்கடுக்காக எழுந்திருக்கும். உலக ஜூனியர் போட்டியில் ஒலிம்பிக் இடம் எதுவும் தொங்கவில்லை. முன்னுரிமைப் பட்டியலில் அது பின்னுக்குப் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இடைவெளியை நாடுகள் நிரப்பிய விதம்

சர்வதேசப் போட்டிகள் இல்லாத நிலையில் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு ஏற்ப ஏதாவது செய்தது. ரஷ்யாவில் உள்நாட்டுக் கோப்பைத் தொடரும், தேசிய ஜூனியர் போட்டியும் நடந்தன. ஜப்பான் தன் தேசிய ஜூனியர் போட்டியை நவம்பரில் நடத்தி முடித்தது. அமெரிக்காவில் போட்டியாளர்கள் தங்கள் ஆட்டத்தைக் காணொளியில் பதிவு செய்து அனுப்ப, நடுவர்கள் அதைப் பார்த்து மதிப்பெண் அளித்தார்கள். கனடாவிலும் 2021 ஜனவரியில் தேசியத் தகுதிப்போட்டி ஒன்று இதே முறையில் நடந்தது. அதன் பிறகு நடக்கவிருந்த தேசியப் போட்டி கைவிடப்பட்டது. ஐரோப்பாவின் சில நகரங்களில் ஜூனியர் பிரிவோடு கூடிய சிறிய அளவிலான பன்னாட்டுப் போட்டிகளும் நடந்தன.

காணொளி முறையைப் பற்றி இரண்டொரு வார்த்தைகள் சொல்ல வேண்டும். தாவலின் சுழற்சி கால்பங்கு குறைந்ததா, புறப்பட்ட விளிம்பு சரியானதா என்பதையெல்லாம் ஒரே கோணத்தில் வைத்த கேமராவை நம்பித் தீர்மானிப்பது கடினம். பனித்தளத்தின் அளவும், எத்தனை முறை பதிவு செய்ய அனுமதி என்பதும் இடத்துக்கு இடம் மாறினால் ஒப்பீடு பொய்த்துவிடும். ஆனாலும், ஒரு குறிப்பிட்ட தேதியில் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்து மதிப்பெண் பெற வேண்டும் என்ற கட்டாயம் பயிற்சிக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்தது. குறைகளோடு கூடிய இந்த ஏற்பாடு, எதுவுமே இல்லாததைவிட எவ்வளவோ மேலானது என்றே கருதுகிறேன்.

இந்த மாற்று ஏற்பாடுகளால் ஏற்றத்தாழ்வு அதிகரித்தது. உள்நாட்டில் இருபது ஜூனியர்களைச் சேர்த்துப் போட்டி நடத்தும் வலுவுள்ள நாடுகளின் போட்டியாளர்கள் பருவத்தை ஓரளவுக்குக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு ஜூனியர்களே உள்ள சிறிய நாடுகளில், ஒரு சிறுமியின் ஆண்டு முழுவதற்குமான இலக்கே வெளிநாட்டில் கிடைக்கும் அந்த ஒரு கிராண்ட் பிரீ கட்டமாக இருக்கும். அங்கே மாற்று என்று எதுவுமே இருக்கவில்லை.

ஓடிக்கொண்டே இருந்த வயது

ரத்தால் பாதிக்கப்பட்டவர்களை மூன்று குழுக்களாகப் பிரிக்கலாம்.

முதல் குழுவினர், 2006 ஜூலைக்கும் 2007 ஜூனுக்கும் இடையில் பிறந்தவர்கள். 2020–21 அவர்களின் முதல் ஜூனியர் பருவமாக இருந்திருக்கும். அவர்கள் இழந்தது அறிமுகத்தை. ஆனால் மேலும் ஐந்து பருவங்கள் அவர்கள் முன் இருந்தன.

இரண்டாம் குழுவினர், 2005 ஜூலைக்கும் 2006 ஜூனுக்கும் இடையில் பிறந்தவர்கள். 2020–21இல் சீனியராகப் போட்டியிட அவர்களுக்கு வயது போதாது. ஒலிம்பிக் பருவமான 2021–22இல் போதும். அதாவது ஜூனியர் சர்வதேச அனுபவத்தில் ஓராண்டு விடுபட்ட நிலையில், சிலர் நேராக ஒலிம்பிக்குக்கான தேசியத் தேர்வுக்குள் நுழைந்தார்கள். பதினைந்து, பதினாறு வயதில் அந்தத் தாவல் உடலளவிலும் மனத்தளவிலும் என்ன கேட்கும் என்பது தனி ஆய்வுக்குரியது. இங்கே அதற்குள் செல்லவில்லை.

மூன்றாம் குழுவினரே இந்த ஆய்வின் மையம். ஒற்றையர் பிரிவில் 2001 ஜூலைக்கும் 2002 ஜூனுக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு 2020–21 கடைசி ஜூனியர் பருவம். 2021 ஜூலை 1 அன்று அவர்கள் விதிப்படி ஜூனியர் பிரிவைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் மெதுவாக முன்னேறியவர்கள். பதினேழு, பதினெட்டு வயதில்தான் தேசிய அணியில் இடம் பிடித்தவர்கள். உலக ஜூனியர் போட்டிக்குச் செல்லும் ஒரே வாய்ப்பு அந்த ஆண்டில் கிடைத்திருக்கக்கூடியவர்கள். ஐஸ் டான்ஸ், இணையர் பிரிவுகளில் இது இன்னும் சிக்கலானது. ஜோடியில் ஒருவர் வரம்பைத் தாண்டினாலே இருவருக்கும் ஜூனியர் பிரிவு முடிந்துவிடும்; இளையவர் சீனியராகும் வயதை எட்டாதவராக இருந்தால் அந்த ஜோடி சர்வதேசத் தளத்தில் எங்குமே ஆட முடியாது.

இவர்களுக்காக வயது வரம்பு நீட்டிக்கப்படவில்லை. 2021–22 பருவமும் வழக்கமான 13–19 விதியோடுதான் தொடங்கியது. நாடுகளின் ஒதுக்கீட்டுக்கு மட்டும் 2020 தாலின் முடிவுகளே மீண்டும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டன. நாட்டுக்குரிய வாய்ப்பு ஓராண்டு உறைந்து நின்றது. தனிமனிதருக்குரிய வாய்ப்பு நிற்கவில்லை.

இது இயலாத காரியமாக இருக்கவில்லை என்பதற்கு அருகிலேயே முன்னுதாரணம் இருந்தது. டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனபோது, 23 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆண்கள் கால்பந்துப் போட்டியில், 1997 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் என்ற பழைய தகுதித் தேதியை அப்படியே வைத்துக்கொள்ள 2020 ஏப்ரலிலேயே முடிவு செய்யப்பட்டது. அதனால் 24 வயதானவர்களும் ஆடினார்கள். இரண்டு நிகழ்வுகளுக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு போட்டி தள்ளிப்போனது. இங்கே ஒரு பருவம் ரத்தானது. வயது விதியைத் திருத்த வேண்டிய பொதுமாநாடும் கூடவில்லை. ஆயினும் தொழில்நுட்ப விதிகளை மாநாடு இல்லாமலேயே நிறுத்திவைக்க முடிந்த ஓர் அமைப்பு, இதற்கும் ஒரு தற்காலிக வழியை உறுப்பு நாடுகளிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம் என்றே எண்ணுகிறேன்.

மீண்டும் தொடங்கிய விதம்

2021 ஆகஸ்டில் பிரான்ஸின் கூர்ஷவேல் நகரில் ஜூனியர் கிராண்ட் பிரீ மறுபடியும் தொடங்கி, அக்டோபரில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் முடிந்தது. ஏழு கட்டங்களும் ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலுமே நடந்தன. ஜப்பான் தன் ஜூனியர்களை அனுப்பவில்லை. அந்நாட்டு ஜூனியர்களைப் பொறுத்தவரை தொடர் இரண்டாவது ஆண்டாகவும் இல்லாமல் போனது. டிசம்பரில் ஒசாகாவில் நடக்கவிருந்த இறுதிப்போட்டி, ஒமிக்ரான் பரவலால் ஜப்பான் தன் எல்லைகளை மூடியதை அடுத்து, தொடங்க ஒரு வாரம் இருந்தபோது கைவிடப்பட்டது. தொடரில் தகுதி பெற்ற ஜூனியர்கள் இரண்டாவது ஆண்டாக இறுதிப்போட்டி இல்லாமல் நின்றார்கள்.

ஆனால் 2022இல் நிர்வாகத்தின் அணுகுமுறை மாறியது. சீனாவின் தியான்ஜின் நகரில் நடக்க இயலாமல் போன, ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கான நான்கு கண்டங்கள் போட்டி தாலினுக்கு மாற்றப்பட்டு, ஐரோப்பியப் போட்டியை அடுத்து அதே அரங்கில் ஜனவரியில் நடந்தது. சோபியா நகரில் மார்ச்சில் நடக்கவிருந்த உலக ஜூனியர் போட்டியும் அங்கேயே மாற்றப்பட்டு, 2022 ஏப்ரல் 13 முதல் 17 வரை நடந்தது. ஐரோப்பாவின் ஒரு மூலையில் உள்ள சிறிய நாட்டின் ஓர் அரங்கு நான்கு மாதங்களில் மூன்று பெரிய போட்டிகளைத் தாங்கியது. 2020 நவம்பரில் எழுப்பப்படாத கேள்விக்கு 2022இல் கிடைத்த பதில் இது. தடுப்பூசி பரவலாகக் கிடைத்த பின்னரே இது எளிதானது என்பதும் உண்மை. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், இடமாற்றம் என்ற வழியை முன்கூட்டியே திட்டத்தில் வைத்திருந்தால் முதல் முறையே அதைச் சோதித்துப் பார்த்திருக்க முடியும்.

2022 ஜூனில், ஒருவழியாக ஃபூகெட்டில் கூடிய பொதுமாநாடு, சீனியர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17க்கு உயர்த்த 100க்கு 16 என்ற வாக்குகளில் தீர்மானித்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதினைந்து வயதுப் போட்டியாளர் ஒருவர் ஊக்கமருந்து சர்ச்சையில் சிக்கியது இந்த வாக்கெடுப்பின் பின்னணியில் இருந்தது. இத்தீர்மானத்தால் ஜூனியர் பிரிவில் செலவிடும் காலம் பலருக்கு நீண்டது. ஆகவே இனி ஒரு ஜூனியர் பருவம் தடைபட்டால் பாதிப்பு முன்பைவிடக் கூடுதலாக இருக்கும்: பதினாறு வயதுக்காரருக்குச் சீனியர் பிரிவு என்ற மாற்று வழி இப்போது இல்லை.

மாற்றப்பட வேண்டியவை

வயது விதியில் ஒரு விலக்குப் பிரிவு சேர்க்கப்பட வேண்டும். ஒரு பருவத்தின் ஜூனியர் தொடரும் உலக ஜூனியர் போட்டியும் இரண்டுமே நடக்காமல் போனால், அதைக் கடைசிப் பருவமாகக் கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் மேலும் ஒரு பருவம் தானாகவே கிடைக்கும்படி அது எழுதப்பட வேண்டும். எல்லோருக்கும் வரம்பை நீட்டினால் அடுத்த ஆண்டில் அதே இடங்களுக்கு இரட்டிப்புக் கூட்டம் மோதும், இளையவர்கள் தள்ளப்படுவார்கள். இதைத் தவிர்க்க, இவ்வாறு தங்கிவிட்டவர்களுக்காக ஒவ்வொரு நாட்டுக்கும் தொடரின் ஒரு கட்டத்தில் ஒதுக்கீட்டுக்கு வெளியே ஓர் இடம் கொடுக்கலாம். ஜோடிப் பிரிவுகளில் மூத்தவரின் வயதை வைத்தே இதைக் கணக்கிட வேண்டும். மாநாடு கூட இயலாத காலத்திலும் செயல்படுவதற்காகவே இது முன்கூட்டி விதியில் இருக்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு வாக்கெடுப்புக்கு நேரம் இருக்காது.

உலக ஜூனியர் போட்டியை ஒரு நாட்டுக்கு வழங்கும்போதே, வேறொரு கண்டத்தில் மாற்று அரங்கு ஒன்றையும், ஐந்து அல்லது ஆறு வாரங்கள் தள்ளிய மாற்றுத் தேதி ஒன்றையும் ஒப்பந்தத்தில் குறித்துவைக்க வேண்டும். இதற்காக அந்த மாற்று நாட்டுக்கு ஒரு சிறு தொகை கொடுக்க வேண்டியிருக்கும். சீனியர் போட்டிகளின் ஒளிபரப்பு வருமானத்திலிருந்து அதை எடுப்பது தவறில்லை. இன்றைய ஜூனியர்கள் இல்லாமல் நாளைய ஒளிபரப்பும் இல்லை.

காணொளி வழி மதிப்பீட்டுக்கு ஒன்றியமே பொதுவான தரத்தை வகுக்கலாம்: எத்தனை கேமராக்கள், எந்தக் கோணங்கள், எத்தனை முறை பதிவு செய்யலாம், உடன் யார் சாட்சியாக இருக்க வேண்டும் என்பவை. பதக்கம் வழங்க அது போதாது. உள்நாட்டுப் போட்டி நடத்த இயலாத சிறிய நாடுகளின் ஜூனியர்களுக்கு, நாட்டின் தேர்வுக்கும் உதவித்தொகைக்கும் பயன்படும் அளவுக்கு ஒரு மதிப்பெண்ணை அது தரும்.

கடைசியாக, அறிவிப்பின் வடிவம். 2020இல் வெளியான ரத்து அறிவிப்புகள் என்ன நடக்காது என்பதைத் தெளிவாகச் சொல்லின. இனிவரும் அறிவிப்பு ஒவ்வொன்றும் வயது, நாட்டு ஒதுக்கீடு, உலகப் போட்டியில் இறங்க முன்பே பெற்றிருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண் ஆகிய மூன்றும் என்ன ஆகும் என்பதையோ, குறைந்தது அதைப் பற்றிய முடிவு எந்தத் தேதியில் வரும் என்பதையோ சேர்த்தே சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் பயிற்சியைத் தொடர்வதா, கல்லூரியில் சேர்வதா என்று அந்த வாரத்திலேயே தீர்மானிக்க வேண்டிய குடும்பங்களுக்குத் தேவைப்படும் தகவல் அதுதான்.